பெண் பார்க்கப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்த கதை

கம்ப்யூட்டரில் வேலை என்று வெளியே சொல்லாதீர்கள். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து நான் தரக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான். சொன்னால் கல்யாண வீட்டில்கூட யாராவது கையைப் பிடித்து இழுத்துப்போய் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். நான் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவன். பெட்டியின் மூடியை ஒரு தடவைகூடக் கழற்றியதில்லை. டிக்கெட் கிழிக்கிற கண்டக்டரிடம் எஞ்சினைப் பார்க்கச் சொல்வது மாதிரிதான். ஆனால் எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியில் யாருக்கும் நான் இதை விளக்கியதில்லை. "எம்புள்ள கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு" என்று அம்மா தெருவில் யாரிடமாவது சொல்லும்போது, காதில் விழாதவன் மாதிரி நடப்பேன். கொஞ்சம் மெதுவாகவே நடப்பேன்.

அந்தப் பெருமையோடுதான் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஊருக்கு அம்மாவும் தரகரும் நானுமாகப் பெண் பார்க்கப் போனோம். மரவள்ளி போடுகிற குடும்பம். பெண் எம்.சி.ஏ. கடைசி வருஷம். காபித் தட்டோடு வந்தவள் தரையைப் பார்க்கவில்லை, என்னை நேராக ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். எனக்குப் பிடித்துவிட்டது. இந்தப் பெண் கிடைக்க வேண்டுமே என்று அப்போதே மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

கூடத்தில் எங்களுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மாப்பிள்ளை அந்தத் துறை என்பதால் அறையிலிருந்து கூடத்துக்கு வந்து, சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்துக்கொண்டு அதுவும் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அம்மா மெரூன் வெல்வெட்டில் ஜரிகை ஓரம் வைத்து அதற்கு உறை தைத்திருந்தார். பெட்டிக்கு முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. மற்றப் பக்கமெல்லாம் வெல்வெட் மேஜை வரை தொங்கியது. அவ்வளவு அலங்காரம் அன்றைக்கு எனக்கும் இல்லை.

கேசரி முடிந்ததும் பெண்ணின் அப்பா ஆரம்பித்தார். "தம்பி, வந்ததுதான் வந்தீங்க, இத்த கொஞ்சம் பாருங்களேன். நாலு நாளா ஒரே ரோதனை. நல்லா ஓடிகினே கீது, திடீர்னு அதுவா நின்னு பூடுது."

இந்த இடத்தில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். இதில் வேலை செய்வது யார்? நாலு நாளைக்கு முன்னால் புதிதாக என்ன செய்தீர்கள்? இன்றைக்கு யார் வந்தாலும் நான் இதைத்தான் முதலில் கேட்கிறேன். அன்றைக்கு அதில் வேலை செய்தவள் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை பெண்ணைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் நன்றாகவா இருக்கும்? அதனால் மவுஸைக்கூடத் தொட்டுப் பார்க்காத அவள் அப்பாவிடம் விசாரித்தேன். அவர் விசிறிக்கொண்டே, "நான் இன்னாத்த கண்டேன் தம்பி" என்றார். நான் தலையை ஆட்டி, "வைரஸ்" என்றேன்.

எனக்குத் தெரியாத எதற்கும் அந்தக் காலத்தில் நான் வைத்த பெயர் அது. அம்மா பெருமையோடு தரகரைப் பார்த்தார். "ஜாஸ்தியா கீதுங்களா?" என்று தரகர் கவலையோடு கேட்டார். "ரொம்ப. ஃபார்மட் பண்ணிட்டு மறுபடி எல்லாத்தையும் புதுசா போட்டாதான் சரியாகும்" என்றேன். பெட்டியோடு வந்த சிடியை அப்பா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் திரை கேட்டது. பெட்டி என்னைக் கேட்டது. நான் யாரையும் கேட்கவில்லை.

"அதுல கை வெக்காதீங்க."

அவள் வெளியே வந்துவிட்டாள். "என் ப்ராஜெக்ட் மொத்தமும் அதுலதான் இருக்கு. வேற எங்கயும் காப்பி இல்ல. அடுத்த வாரம் நான் காலேஜ்ல குடுக்கணும்."

அவள் என்னைத் தாண்டிப்போய்ப் பெட்டியை அணைத்தாள். உறைக்கு அடியில் கையை விட்டவள் சட்டென்று எடுத்தாள். "அம்மா, கொதிக்குது. நாலு நாள் முன்ன நீ தச்சது காத்து போற வழியெல்லாம் மூடிகினு இருக்குது." வெல்வெட்டை உருவி நாற்காலியில் போட்டாள். கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் போட்டதும் பெட்டி ஓடியது. நாங்கள் கிளம்பும்வரை நிற்கவே இல்லை. அவள் அப்பா, "வைரஸு வெல்வெட்டுல இருந்துகீது!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

திரும்பும் வழியெல்லாம் எனக்கு நம்பிக்கை. எல்லோர் முன்னாலும் என்னிடம் பேசினாளே! அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே 'கை வெக்காதீங்க' என்றாலும் அதையும் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன். புரோகிராமில் தப்பு இருக்கலாம் என்று கம்பைலர் காட்டும் எச்சரிக்கைகளையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

பத்து நாள் போல ஆகியிருக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அது வாணாங்க, விட்டுடுங்க. வேற எடம் பாப்போம்."

"ஏன், கம்ப்யூட்டர் தெரியலன்னு அவங்க அப்பா சொல்றாரா?"

"அவுரு உங்கள நல்ல புள்ளன்னுதாங்க சொன்னாரு. பொண்ணுதான் வேணான்னுடுச்சு."

"என்னன்னு?"

தரகர் தயங்கினார். "தெரியாதது தப்பில்லையாம். 'ஆறு மாச ஒழைப்ப, யாருதுன்னு ஒரு வார்த்த கேக்காம அழிக்கப் பாத்தாரு. நாளைக்கு என்னை மட்டும் கேட்டுட்டா எதையும் செய்வாரு'ன்னுச்சாம்."

வலித்தது. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போய், ஜாதகம் ஒத்துவரவில்லையாம் என்று அம்மாவிடம் சொன்னேன். ஜாதகம் பார்த்துப் பொருத்தம் எழுதி வாங்கிய பிறகுதான் பெண் பார்க்கவே போனோம். அம்மா அதை எனக்கு ஞாபகப்படுத்தவில்லை.