சொல்லிக்கொள்ளாமல் போகிறவர்கள்

ஒரே ஒரு வார்த்தை. அதற்காக என் மனைவி மூன்று நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. 'வாரேன்.' தினமும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொல்கிற அதே வார்த்தைதான். சொன்ன இடம்தான் தப்பு.

சண்முகம் அண்ணனுக்குத் தல்லாகுளம் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை. போன மாதம் ஒரு நாள் காலையில் கோச்சடையிலிருந்து ஆபீசுக்குக் கிளம்பியவர், பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் மேஜையில் முதல் நாள் குடித்த டீயின் டம்ளர் கூட அப்படியே இருந்தது. அதை எடுத்துப் போடச் சொல்ல எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

நானும் மனைவியும் துட்டி கேட்கப் போனோம். துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். போனோம், உட்கார்ந்தோம், அழுதோம், எழுந்தோம். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. சொல்லாமல் கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். மறுபடியும் வருவதற்கு அது என்ன கல்யாண வீடா? மதுரையில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் எத்தனையோ வருஷமாகக் காபி குடித்துவிட்டு, 'வாரேன் மதினி' என்று சொல்லிப் படியிறங்கிய வீடு அது. நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது.

மேலூரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். மனைவி என் முழங்கையில் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது. அண்ணனின் மனைவி சரோஜா மதினி மட்டும் தலையை நிமிர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"தை பொறந்தா மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். நீங்க வாரேன்னு சொல்லி எழவ வீட்டுக்குக் கூட்டியாந்திருக்கீக."

நிச்சயம் முடிகிற வரை அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவும் ஆயிற்று. மூடநம்பிக்கைக்கு எதிராக டீக்கடையில் மணிக்கணக்கில் பேசுகிற ஆள் நான். பெற்ற மகளின் நிச்சயம் என்றதும் அந்தப் பேச்செல்லாம் போன இடம் தெரியவில்லை. அடங்கிப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போன இடத்தில் ஒரு டீச்சர் எங்களை நிறுத்தினார். மதினியின் எதிர்வீட்டுக்காரர், சர்ச் முடிந்து வந்துகொண்டிருந்தார். மதினியின் ஒரே மகன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேலை பார்க்கிற பிலாய்க்குத் திரும்பிவிட்டானாம், லீவு அவ்வளவுதான். அம்மாவையும் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். வருஷம் திரும்பும்வரை வீட்டைப் பூட்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். சொன்னவர்களில் ஒருவராவது கூட இருந்தாரா? இல்லை.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "சாயங்காலம் ஆனா வாசல் லைட்டப் போட்டு, கேட்டைத் தெறந்து வச்சுட்டு ஒக்காந்திருக்காங்க. கேட்டா, கொழுந்தன் வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காருங்கறாங்க."

மனைவி கையில் எடுத்த கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டாள். சாயங்காலம் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "வண்டிய எடுங்க" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

லைட் எரிந்துகொண்டிருந்தது. கேட் திறந்திருந்தது. உள்ளே, மகன் வாங்கித் தந்த, தெருவுக்கே ஒன்றான டி.வி. மேல் ஒரு துண்டைப் போர்த்தி வைத்திருந்தார்கள். துக்க வீட்டில் டி.வி. ஓடக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் பாட்டுப் பார்க்க வந்து கூடத்தை நிறைத்த தெரு, துண்டு விழுந்ததும் வருவதை நிறுத்திக்கொண்டது.

மதினி காபி கொண்டுவந்து வைத்தார். என் அசட்டுத்தனத்துக்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

"கூட்டங்கூட்டமா வந்தாக தம்பி. ஒருத்தரும் சொல்லிக்கிட்டுப் போகல. சொல்லக் கூடாதுதான், எனக்கும் தெரியும்..." டம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். "அன்னைக்கு நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவுகளும் சொல்லாமத்தான் போனாக."

மனைவி எழுந்து போய் அவர் பக்கத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்திலும் துட்டி வீட்டில் சொல்லாமல்தான் போனார்கள். ஆனால் எல்லோருமா போனார்கள்? அத்தையோ சின்னம்மாவோ ஒருத்தி பாயை விரித்து மாதக்கணக்கில் கூடவே படுத்துக் கிடப்பாள். இன்றைக்கு அந்தச் சின்னம்மாவுக்கும் ஆபீஸ், பிள்ளைக்குப் பரீட்சை, சாயங்காலம் கடைசி பஸ். கூடத் தங்குகிற வழக்கத்தை விட்டுவிட்டோம். சொல்லாமல் போகிற வழக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம் – அதற்கு கேஷுவல் லீவு போட வேண்டியதில்லையே!

கிளம்பும் நேரம் வந்தது. இந்தத் தடவை நான் உஷார். வாயை இறுக மூடிக்கொண்டு, நேரே போய் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"வாரேன்க்கா. புதன்கெழம வாரேன்."

மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நாங்கள் தெரு முனை திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தையில் நிச்சயம் இருக்கிறது. உள்ளுக்குள் பயமும் இருக்கிறது – எனக்கும், அவளுக்கும். ஆனால் இப்போது தோன்றுகிறது... 'வாரேன்' என்று சொல்வதா அபசகுனம்? சொல்லிவிட்டு, மறுபடி அந்த வாசலுக்குப் போகாமல் இருப்பதுதானே!