வெயிலில் காய்ந்த கதைகள்

தாராவியில் ஒரு தோல் கொட்டகையில் உப்புப் போட்டு வந்த பச்சைத்தோலை உதறுவது அப்போது எனக்கு வேலை. குழந்தைகளுக்குக் கதை எழுதுவது ஆசை. பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை. ஜனங்கள் பேசுவதைக் காதில் பிடித்து வைத்துக்கொள்வேன். என் படிப்பு அவ்வளவுதான்.

மாதுங்காவில் ஒருவர் தம் வீட்டிலிருந்தே குழந்தைகளுக்கு மாதப் பத்திரிகை நடத்தினார். நான் கதை கொண்டுபோனால் கையில் வாங்க மாட்டார். வெயில் விழும் பால்கனியில், செருப்பு விடுகிற மூலையைக் காட்டுவார். அங்கே வைத்து, மேலே ஒரு கல்லும் வைக்கவேண்டும்.

"தப்பா எடுத்துக்காதேயும் ஓய். ரெண்டு நாள் காஞ்சாத்தான் உம்ம கதையை மூக்குக்கிட்ட கொண்டுபோக முடியறது."

"சார், பக்கத்துல கெடக்க செருப்பும் எங்க கொட்டகைச் சரக்காத்தான் இருக்கும்."

"அது கடையில வாங்கினதாக்கும்!"

இருவரும் சிரிப்போம். ஒரு வருஷம் நானும் அப்படிச் சிரித்தேன்.

எங்கள் சந்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி. அவள் அப்பா என்னோடு தோல் உதறுகிறவர். ஒருநாள் அவளிடம், "ஏட்டி, ஒங்கப்பா கை நாறலியா?" என்று சீண்டினேன். "நாறும் மாமா. ஆனா சோறு ஊட்டிவிட்டா நாறாது" என்றாள். அந்தப் பேச்சை வைத்தே ஒரு கதை எழுதினேன். "நீ சொன்னது அச்சுல வரப்போவுது" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

கதை காய்ந்தபின் ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"கதை ஏ ஒன். அந்த நாத்தம் மட்டும் வேண்டாம். குழந்தைகள் சாப்ட்டுண்டே படிக்கும் ஓய்! அப்பாவைச் சந்தனக் கடையில உக்காத்தி வெச்சுட்டேன். 'எங்கப்பா கை எப்பவும் மணக்கும்'. எப்படி?"

அது அவள் பேச்சு, மாற்றாதீர்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லாருக்கு சார்" என்று வந்தது. அடுத்த கதையையும் அந்த மூலையில் வைத்து, கல்லையும் வைத்துவிட்டு வந்தேன்.

பத்திரிகை வந்த அன்று மாதுங்காவில் இன்னொரு கதையைக் கல்லுக்கடியில் வைத்துவிட்டு, ஒரு பிரதி வாங்கி வந்தேன். அந்தப் பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இருவருக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது. அச்சிலிருந்த சந்தனக் கடையைப் பார்த்துக்கொண்டே தோல் கொட்டகை என்று வாசித்தேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே வாசித்தேன். அவள் அப்பா தன் உள்ளங்கையை ஒருமுறை முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நான் சொன்னது எங்கன இருக்கு மாமா? தொட்டுக் காட்டுங்க."

அவள் விரலைப் பிடித்து, 'மணக்கும்' என்ற இடத்தில் வைத்தேன். அப்பாவின் விரலையும் இழுத்து, அவள் அதே இடத்தில் வைத்தாள்.

மறுநாள் மாதுங்காவுக்குப் போய், கல்லைத் தூக்கி, முந்தின நாள் வைத்த கதையை எடுத்துக்கொண்டேன். "இன்னும் காயலையே ஓய்!" என்றார் ஆசிரியர். படியிறங்கினேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொல்லவேயில்லை. தோல் நாற்றம் குளித்தால் போய்விடும்.