கான்ட்ராக்டுக்கு வெப்மெயில் போதும்

நெய்வேலிப் பக்கம் மனிதர்களை இரண்டாகத்தான் பிரிப்பார்கள்: பெர்மனென்ட், கான்ட்ராக்ட். வரன் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் இதைத்தான் கேட்பார்கள். மெயிலிலும் அந்தப் பிரிவு உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மந்தாரக்குப்பத்தில் சுரங்கக் கன்வேயர் பெல்ட் பழுதுபார்க்கும் ஒரு தனியார் ஆபீசில் நான் கான்ட்ராக்ட். உதிரிபாகம் கேட்டு எழுதுவது, வராவிட்டால் விரட்டுவது, எல்லாம் மெயிலில்தான். புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, சிஸ்டம் பார்க்கும் கம்மாபுரத்துக்காரர் ஒவ்வொன்றிலும் மெயில் புரோகிராம் ஏற்றிக்கொண்டே வந்தார். என் மேஜைக்கு வந்ததும் மேனேஜர் குரல் கொடுத்தார்.

"அவங்க கான்ட்ராக்ட்தானேப்பா. வெப்மெயில் போதும்."

"ரெண்டுக்கும் இன்னாங்க வித்தியாசம்?" என்று சிஸ்டம்காரரைக் கேட்டேன்.

"புரோகிராம்னா வர்ற மெயிலு இந்தப் பொட்டியிலயே தங்கிடுங்க. வெப்மெயில்னா எல்லாம் கம்பெனி சர்வர்ல. மெயில் ஐடிய மூடிட்டா நீங்க உள்ளயே போவ முடியாது."

"அப்ப எனக்கும் அதையே போடுங்க."

மேனேஜர் சிரித்தார். "மெயில சேத்து வெச்சிகினு இன்னாம்மா பண்ணப் போற?"

சிஸ்டம்காரர் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், வெப்மெயில் சௌகரியமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் போனிலேயே பார்த்துவிடுவேன். பெர்மனென்ட் ஆட்களின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட நாட்களில் அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறேன். அந்தச் சௌகரியத்தில் ஏமாந்துபோனேன்.

வருடா வருடம் எங்கள் கான்ட்ராக்டை ஒரு நாள் முறிப்பார்கள். 'பிரேக்' என்று பெயர். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே! அன்றைக்கு வீட்டில் துணி துவைத்துவிட்டு, மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்காருவோம். முன்பெல்லாம் ஐடியை யாரும் தொட்டதில்லை. இந்த முறை பிரேக்கில் போனவர்களின் ஐடி தானாக மூடிக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள்.

"பழசு போச்சும்மா, புது ஐடில வேலையப் பாரு" என்றார் மேனேஜர். போச்சாம்! என்ன அலட்சியம்! மழையில் கன்வேயர் நின்றபோது பேரிங்குக்காக நான் கெஞ்சியும் மிரட்டியும் எழுதியவை, "நீங்கள் இல்லையென்றால் நடந்திருக்காது" என்று இதே மனிதர் எனக்கு எழுதியது, எல்லாம் போச்சாம்.

அந்த வாரமே ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. அதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். மேனேஜர் கூப்பிட்டார். தினமும் என் முகத்தில் விழிக்கிற அதே மேனேஜர்.

"மேல காட்டணும்மா. இத்தினி வருஷமா இன்னா வேல பாத்தேன்றதுக்கு ஏதாச்சும் மெயில் இருக்குதா?"

"இருக்குதுங்க சார்."

புது இன்பாக்ஸைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். ஒரே ஒரு மெயில். அவர் பெயரில் எனக்கு வந்தது.

"எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை அன்புடன் வரவேற்கிறோம்."