நாற்பத்தெட்டு வயது மாணவி நசிபா

"பொண்ணு வரலையாக்கா?" என்றான் இல்கிஸ், நசிபாவுக்குப் பின்னால் கதவைப் பார்த்தபடி.

"எந்தப் பொண்ணு?"

"கனடா போற பொண்ணு. படிக்கப் போகணும்னு ஃபோன்ல சொன்னீங்களே. பாஸ்போர்ட்டோட அவளே நேர்ல வரணும்."

நசிபா பையைத் திறந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்றால் சரியாக இருக்கும். "போற பொண்ணு நான்தான். வயசு நாப்பத்தெட்டு. நல்லா பாத்துக்க."

இல்கிஸ் சிரித்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாதியில் விழுங்கி, தேநீர் கொண்டுவரச் சொன்னான். கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பிவைக்கும் அலுவலகங்களில் அதுவும் ஒன்று. சுவர் முழுக்கக் கறுப்புத் தொப்பியை வானத்தில் வீசும் இளசுகளின் படங்கள். அந்தப் படங்களில் இருந்த ஒருவருக்கும் தலையில் ஒரு நரைமுடி இல்லை.

நசிபாவுக்கு இது புதிதில்லை. ஆங்கிலத் தேர்வு எழுதப் போனபோது வாசலில் நின்ற காவலாளி, "பெத்தவங்க எல்லாம் வெளிய பெஞ்சில உக்காருங்க" என்று அவளைக் கையால் ஒதுக்கினான். பழைய மதிப்பெண் சான்றிதழுக்காகத் தான் படித்த கல்லூரிக்குப் போனபோது அங்கிருந்த எழுத்தர், "இறந்துபோனவங்க சான்றிதழா?" என்று கேட்டாள். ஒவ்வொரு இடத்திலும் அவளுக்குள் ஏதோ ஒன்று அடுப்பில் வைத்த பால் மாதிரி மேலே ஏறி ஏறி வந்தது. இதுவரை பொங்கி வழிய விடாமல் பார்த்துக்கொண்டாள்.

இல்கிஸ் அவளுடைய காகிதங்களைப் புரட்டினான். ஒரு சிறிய ஊர்க் கல்லூரி, பால் பதனத் தொழில்நுட்பத்தில் இரண்டு வருடப் படிப்புக்கு அவளைச் சேர்த்துக்கொள்வதாக ஏற்கெனவே கடிதம் அனுப்பியிருந்தது.

"காலேஜ் நீங்களே புடிச்சிட்டீங்க, கெட்டிக்காரிதான். ஆனா பால் வேணாம்க்கா. இந்த வயசுல பால்னா நம்பமாட்டாங்க. முதியோர் பராமரிப்புன்னு போட்டுடுவோம். மாமியாரைப் படுக்கையில வச்சுப் பாத்ததா இதுல எழுதியிருக்கீங்கல்ல, அதையே அனுபவமாக் காட்டலாம்."

"நான் பால் ஆலையில வேலை பாக்குறவ. பால்தான் படிக்கப் போறேன்."

"சரி, அத விடுங்க. வீட்டுக்காரர் எங்க?"

"ரஷ்யாவுல, எகாதெரின்பர்க்ல."

"பேப்பர்ல மட்டும் அவர் தோக்மோக்ல, உங்க வீட்டுல இருக்கட்டும். 'என் மனைவி படிச்சு முடிச்சுத் திரும்பி வர நான் காத்திருக்கேன்'னு அவர் கையால ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. புருஷன் காத்திருக்கான்னா பொம்பள திரும்பி வருவான்னு விசா ஆபீசர் நம்புவான். அது இல்லாம போட்டா, இப்பவே சொல்லிட்டேன், கத கந்தல்."

நசிபா பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "தம்பி, அந்த ஆளு எனக்காகக் காத்திருக்கான்னு நான் எழுதினா, காகிதமே சிரிச்சுடும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். தேநீர் அப்போதுதான் வந்தது.

இருபது வயதில் நசிபா பால் தொழில்நுட்பம்தான் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் மெதெர்பெக்குடன் கல்யாணம் நடந்தது. கல்யாணமான இரண்டே மாதத்தில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கணவனின் அண்ணன் துர்தாகுன்தான் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்: "மருமக ஒரு வருஷம் லீவு போடட்டும். அம்மா எந்திரிச்சதும் போய்ப் படிக்கட்டும்." அம்மா எழுந்திருக்கவில்லை. பதினாறு வருடம் படுக்கையிலேயே கிடந்து, நசிபாவின் கையால் சாப்பிட்டு, நசிபாவின் கையால் துடைக்கப்பட்டு, ஒரு வசந்த காலத்தில் கண்ணை மூடினாள். நல்ல கிழவிதான். நசிபாவுக்கு அவள்மேல் ஒருபோதும் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம் கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னவர்கள்மேல்தான்.

அம்மா உயிரோடு இருக்கும்போதே மெதெர்பெக் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பிவிட்டான். முதலில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தான், பிறகு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு கல்யாணம் காட்சிக்கு மட்டும். அங்கே அவனுக்கு வேறொரு பெண்ணும் ஒரு மகனும் இருப்பது நசிபாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. காலையில் பால் ஆலையின் ஆய்வகத்தில் கிராமங்களிலிருந்து வரும் பாலைச் சோதித்தாள். மாலையில் வீட்டில் குருத் உருட்டிக் காயவைத்துச் சந்தையில் விற்றாள். அந்தப் புளித்த தயிர் உருண்டைகள்தான் மகள் அதினாயைப் படிக்கவைத்தன, கனடாக் கட்டணத்துக்கும் வழிசெய்தன.

இல்கிஸைக் கைவிட்ட பிறகு, அதினாயின் கணினியில் அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து விசா விண்ணப்பத்தை நிரப்பினார்கள். கைரேகை கொடுக்க நசிபா எல்லை தாண்டிக் கஜகஸ்தானின் அல்மாட்டிக்குப் போய் வந்தாள். ஒரு இடத்திலும் பொய் எழுதவில்லை. கணவன் ரஷ்யாவில் இருப்பதை இருக்கிறபடி எழுதினாள். வீடு யார் பெயரில் என்ற இடத்தில், கணவன் பெயரில் என்று எழுதினாள்.

பதில் வந்த அன்று அதினாய்தான் திறந்து படித்தாள். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"சொல்லுடி."

"இல்லன்னுட்டாங்கம்மா."

"என்ன காரணமாம்?"

"உன் வேலையையும் வயசையும் பாத்தா இந்தப் படிப்பு உனக்கு எதுக்குன்னு புரியலையாம். அப்புறம்... இந்த ஊர்ல உன்னப் புடிச்சு வைக்கிற மாதிரி குடும்பமோ சொத்தோ இல்லையாம். படிப்பு முடிஞ்சு திரும்பி வருவன்னு நம்ப முடியலையாம்."

நசிபா வேலைக்குக் கிளம்பினாள். அன்று தண்ணீர் கலந்த பாலோடு வந்த லாரிக்காரன் மாட்டினான். வழக்கமாக இரண்டு வார்த்தை திட்டித் திருப்பி அனுப்புவாள். அன்றைக்கு ஆலை வாசல்வரை துரத்திக்கொண்டு போய்த் திட்டினாள். "என்னப் புடிச்சு வைக்க இந்த ஊர்ல ஒண்ணும் இல்லயாமே!" என்று இடையில் அவள் கத்தியது எதற்கென்று அந்த ஆளுக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் துர்தாகுனின் மகளுக்குக் கல்யாணம். மெதெர்பெக் புதுச் சட்டையும் முன்வரிசைத் தங்கப்பல்லுமாக வந்து இறங்கினான். விருந்து மண்டபத்தில் உறவு மொத்தமும் கூடியிருந்தது. மேசை நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டித் துண்டுகளும் குதிரைக்கறியும். நான்காவது வாழ்த்துரைக்குப் பிறகு மெதெர்பெக் கையில் கோப்பையோடு எழுந்தான்.

"எல்லாரும் கேளுங்க! என் பொண்டாட்டி பள்ளிக்கூடம் போகப் போறாளாம். இனிமே நான்தான் காலையில தலை பின்னி, மத்தியானச் சோறு கட்டிக் குடுத்து அனுப்பணும்!"

மண்டபமே சிரித்தது. துர்தாகுன் தாடியைத் தடவியபடி எடுத்துக்கொடுத்தார். "நீ கட்டிக் குடுத்தாலும் அங்க சேத்துக்க மாட்டாங்கடா. போனவ திரும்பி வருவாளான்னு கனடாக்காரனுக்கே நம்பிக்க இல்லயாம். அவனுக்கே இல்லைன்னா நமக்கு எப்படி வரும்?"

மறுபடி சிரிப்பு. நசிபா எழுந்தாள். இருபத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் கணவனை அவள் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

"என்னது?"

"நீ ரஷ்யாவுக்குப் பஸ் ஏறினியே, அப்ப உன்ன யாராச்சும் கேட்டாங்களா, திரும்பி வருவியான்னு? வீடு இருக்கா, பொண்டாட்டி இருக்காளா, பேப்பர் காட்டுன்னு எவனாச்சும் நிறுத்தினானா? படுக்கையில உங்கம்மா கெடந்தா. கையில புள்ள இருந்தா. அத்தன இருந்தும் நீ திரும்பி வந்தியா?"

"நசிபா, உக்காரு. சபையில..."

"சபையிலதானே நீ எழுந்த? உனக்கு அங்க ஒரு பொம்பள இருக்கா. ஆறு வயசுல ஒரு பையன் இருக்கான். இங்க உக்காந்து கறி தின்னுற எல்லாருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு வருஷா வருஷம் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சீங்க. அத்தான், நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க, ஒரு வருஷம் லீவு போடுன்னு? அந்த ஒரு வருஷம் எப்ப முடியும்னு இப்பச் சொல்லுங்க!"

துர்தாகுன் தட்டைப் பார்த்தார். விருந்தை நடத்தும் ஆள் ஒலிபெருக்கியில், "இப்போ மாப்பிள்ளையோட நண்பர்கள் ஒரு பாட்டு..." என்று ஆரம்பித்தான். ஒருவரும் எழுந்து வரவில்லை.

மெதெர்பெக் அவள் முழங்கையைப் பிடித்தான். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் வா."

"கைய எடு. பேச வேண்டியத கோர்ட்ல பேசிக்கலாம்."

மணப்பெண் பாவம், வெள்ளை உடையில் அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் நாளைக் கெடுத்துவிட்டோமே என்பது மட்டும்தான் நசிபாவுக்குப் பின்னால் உறுத்தியது. மற்ற எதற்கும் அவள் வருத்தப்படவில்லை.

உறவுக்காரர்கள் வரிசையாக வந்து சமாதானம் பேசினார்கள். பெண்பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, தாய் விவாகரத்து வாங்கினால் யார் எடுப்பார்கள் என்றார்கள். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த அதினாய், "என்ன எடுக்குறதுக்கு நான் என்ன கடையில கெடக்குற சாமானா?" என்று கேட்டபடி வெளியே வந்தாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

நீதிமன்றத்தில் மெதெர்பெக் விவாகரத்தை எதிர்க்கவில்லை. தோக்மோக் வீடு தன் சம்பாத்தியம் என்று மட்டும் வாதாடினான். அது கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய வீடு என்றும், அவனுடைய அம்மாவை அந்த வீட்டில் வைத்துப் பார்த்தது யார் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்து சாட்சி சொன்னார்கள். சாட்சி சொல்ல யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. வீட்டில் பாதி நசிபாவின் பெயருக்கு வந்தது. மீதிப் பாதியை வாங்கிக்கொள்ளச் சொல்லி மெதெர்பெக் ஆள் அனுப்பினான். "அவசரம்னா வந்து அந்தப் பாதியில குடியிருக்கச் சொல்லு" என்று பதில் அனுப்பினாள். அவன் எகாதெரின்பர்க்குக்கே திரும்பிப் போனான்.

இரண்டாவது முறை விண்ணப்பிக்கும்போது, ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற கடிதத்தை நசிபாவே எழுதினாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது. கோபம் மட்டும் தடுமாறவில்லை. எனக்குக் கணவன் இல்லை, யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்று தொடங்கினாள். எங்கள் பள்ளத்தாக்கில் நல்ல பால் கிடைக்கிறது, நல்ல பாலாடைக்கட்டி வெளியிலிருந்து வருகிறது, அதைச் செய்யக் கற்றுக்கொண்டால் என் ஆலை என்னை அந்தப் பிரிவுக்குத் தலைவியாக்குவதாகக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறது என்று எழுதினாள். இந்த வயதில் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள், இருபது வயதில் ஒரு வருட விடுப்பு எடுத்தேன், அது போன மாதம்தான் முடிந்தது, எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு இதுதான் என்று முடித்தாள்.

அதினாய் படித்துப் பார்த்தாள். "அம்மா, இதுல இருக்கிற கோவத்தக் கொஞ்சம் கொறைக்கட்டுமா?"

"எழுத்துப்பிழைய மட்டும் திருத்து."

குளிர்காலம் முழுக்கப் பதில் வரவில்லை. நசிபா தினமும் வேலைக்குப் போனாள், வந்தாள், ஆங்கிலம் படித்தாள். நம்பிக்கையோடு படித்தாள் என்று சொல்ல முடியாது. வீம்புக்குப் படித்தாள். பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு மதியம் அதினாய் ஆய்வகத்துக்கே ஓடிவந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டிக் குதித்தாள். நசிபா கையிலிருந்த பால் மாதிரியைச் சோதித்து முடித்து, அளவைப் பதிவு செய்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். வந்ததும் மகளைக் கட்டிக்கொண்டு, "ராஸ்கல்ஸ், முதல் தடவையே குடுத்திருந்தா என்ன?" என்றாள்.

செய்தி பரவியதும் துர்தாகுன் ஒரு பை ஆப்பிளோடு வந்தார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிண்ணம் கிண்ணமாகத் தேநீர் குடித்தார்.

"எம் மகன் சின்னவனையும் அந்தப் பக்கம் இழுத்துவிட வழி பாரும்மா. உனக்குத்தான் இப்ப எல்லாம் தெரியுமே. குடும்பத்துல ஒருத்தர் முன்னாடி போனா பின்னாடி நாலு பேரு போகலாம்."

"எந்தக் குடும்பத்துல அத்தான்?"

அவர் முகம் சிவந்தது. நசிபா ஆப்பிள் பையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, கதவுவரை வந்து வழியனுப்பினாள். "அந்தப் பையன் மேல எனக்கு வருத்தம் இல்ல. படிக்கணும்னு அவனுக்கு ஆசை இருந்தா அவனே வந்து என்கிட்ட கேக்கட்டும். எப்படி எழுதணும்னு சொல்லித்தரேன்" என்றாள். பையன் வரவில்லை.

ஆகஸ்டில் கிளம்பினாள். முதல் பருவத்தில் வேதியியலில் தேறவில்லை. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயது. மறுதேர்வுக்குப் பேர் கொடுக்கப் போன இடத்தில், வேண்டுமானால் சுலபமான வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாரோ அன்பாகச் சொன்னார்களாம். அன்றிரவு அதினாய்க்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டித் தீர்த்தாள். யாரைத் திட்டுகிறாள் என்று அதினாய் கேட்கவில்லை. வேதியியல் புத்தகத்தின் பக்கங்கள் புரளும் சத்தம் நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தது. ஜனவரியில் மறுதேர்வு எழுதித் தேறினாள். மதிப்பெண் சுமார்தான்.