ஐந்தாவது வாக்கியம்

கல்யாணமாகி பம்பாய் மாட்டுங்காவுக்கு வந்த புதிதில் எனக்கும் என் கணவருக்கும் பேச்சு என்றால் அது இங்கிலீஷ் பாடம்தான். ஓர் அறை, ஒரு சமையலறை. மாமனார், மாமியார், நாங்கள் இருவர். பெரியவர்கள் எதிரே புருஷனோடு பேசுவதாவது! ஆனால் பாடம் சொல்லிக்கொடுப்பதை யார் தடுப்பார்கள்? ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் அவர் நோட்டைப் பிரிப்பார். நான் இரண்டு முழம் தள்ளி உட்காருவேன்.

அந்த வாரம் முழுக்க 'டேக்' என்ற ஒரே சொல். பின்னால் 'ஆஃப்' போட்டால் சட்டையைக் கழற்றுவது. ஆகாய விமானம் கிளம்புவதும் அதுவேதான். 'ஆஃப்டர்' போட்டால் அப்பாவை உரித்து வைத்தாற்போல் இருப்பது. 'டவுன்' என்றால் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. 'இன்' என்றால் வீட்டில் சேர்த்துக்கொள்வதாம், ஏமாற்றுவதுமாம்.

"வெள்ளைக்காரனுக்கு வார்த்தைக்குப் பஞ்சமா? ஒண்ணையே எல்லா வேலைக்கும் வெச்சிண்டிருக்கானே, ஆத்து மாட்டுப்பொண் மாதிரி" என்றேன் மெல்ல. அவர் சிரிப்பை அடக்க இருமினார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. "அவன் மொதல்ல போய் ஜாகை பாக்கட்டும். இவ அப்புறமாப் போனாப் போறது" என்றார் மாமியார். அவருடைய 'அப்புறம்' எனக்குத் தெரியும், வருஷக்கணக்கில் இழுக்கும். என் கணவருக்கோ வாயில் கொழுக்கட்டை. அப்பா எதிரே ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

'டேக்' வைத்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார். நான்கை ஒழுங்காக எழுதினேன். ஐந்தாவதாக, 'என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள், இங்கே விட்டுவிட்டுப் போகாதீர்கள்' என்று இங்கிலீஷில் எழுதி வைத்தேன். அவர் ஒருவர்தானே படிக்கப்போகிறார் என்ற தைரியம்.

அன்று பார்த்து அவர் வரத் தாமதம். "நோட்டைக் கொண்டாம்மா, இன்னிக்கு நான் பாக்கறேன்" என்றார் மாமனார். முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். கையில் சிவப்புப் பென்சில். எனக்கு உயிரே போயிற்று. நான்கு வாக்கியங்களை மளமளவென்று திருத்தினார். பிறகு பென்சில் நின்றது.

"என்ன, நன்னா எழுதியிருக்காளா?" என்று மாமியார் உள்ளிருந்து கேட்டார்.

"எழுதியிருக்கா" என்று நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

என் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "டேய், நாக்பூருக்கு ரெண்டு டிக்கெட்டா எடுத்துடு" என்றார் மாமனார்.

"ஜாகை?" என்று மாமியார் ஆரம்பித்தார்.

"நாம ஜாகை பாத்துண்டா பம்பாய்க்கு வந்தோம்? ரெண்டு பேருமாச் சேந்து பாத்துப்பா."

சமையலறைக்குள் போய் நோட்டைத் திறந்தேன். நான்கு வாக்கியங்களிலும் சிவப்பு. ஐந்தாவதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அவர் தொடவே இல்லை. பிறந்த வீட்டைவிட்டு வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.