இருபத்திரண்டாம் கேள்வி

ஸல்ஹா எழுதிக் கொண்டுவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. திருகோணமலை நகரத்தில் ஒரு மாடியறை. யன்னலுக்கு வெளியே துறைமுகம். காலையில் தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் அவளுடைய படிவங்களை வாசித்தால், கதிரையில் இருந்தபடியே நானும் மெல்ல மிதக்கத் தொடங்கிவிடுவேன். அவ்வளவு விசித்திரமான பதில்கள்.

பிளவுண்ட உதட்டோடு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு அது. எத்தனை பேர், எந்த வயதில் சிகிச்சைக்கு வருகிறார்கள், ஏன் பிந்துகிறார்கள் என்றெல்லாம் டொக்டர் சுலக்ஷனா இருபத்தொரு கேள்விகளை எழுதியிருந்தார். இருபத்திரண்டாவதைச் சேர்க்கவைத்தவள் ஸல்ஹா. 'இது ஏன் நடந்தது என்று தாய் நினைக்கிறார்?' பெரும்பாலும் காரணம் எங்களுக்கே சரியாகத் தெரியாதே, தாய்மாரிடம் கேட்டு என்ன செய்வது என்றார் டொக்டர். ஸல்ஹா விடவில்லை. பிடிவாதத்தில் அவளோடு மல்லுக்கட்ட என்னால் ஏலாது, டொக்டராலும் ஏலவில்லை.

அவள் கிண்ணியாக்காரி. முப்பத்து நான்கு வயது. மேலுதட்டின் இடப்பக்கம் மெல்லிய தழும்பு இருக்கிறது, ஐந்து வயதில் தைத்தது. வாடிக்கையாளர் முகம் பார்க்கும் கடை வேலைகள் இரண்டு அவளுக்குக் கிடைக்காமல் போனது எனக்குத் தெரியும். அந்தக் கடைக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். அவளோ சிரித்துவிட்டு பஸ்ஸேறிப் போய்விடுவாள், இன்னொரு வீட்டுக் கதவைத் தட்ட.

இறக்கக்கண்டியில் ஒரு தாய் சொன்னாள், கனவில் ஒரு மீன் வாயில் தூண்டிலோடு வந்து தன்னிடம் கதைத்ததாம், தான் தூண்டிலைக் கழற்றிவிடவில்லையாம். கிளிவெட்டியில் ஒருத்தி வயல் வரம்பில் முயலைப் பார்த்தாளாம், அதன் பிளந்த உதட்டையும். இலங்கைத்துறையில் ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் அழுதிருக்கிறாள், ஸல்ஹா அதையும் 'அழுதார்' என்றே எழுதியிருந்தாள். மற்றவர்களில் முக்கால்வாசிப்பேர் சொன்னது கிரகணம். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதையும் வெட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாச் சமயத்தாரும் நம்புவது. பூசணி வெட்டினேன், சீலை வெட்டினேன், நகம் வெட்டினேன். இதையெல்லாம் கணினியில் தட்டித் தட்டி எனக்கே கனவில் கத்திகளும் பாதிச் சந்திரன்களும் வரத் தொடங்கின.

ஒரு விதி இருந்தது. கேட்பவர் எழுத வேண்டும், திருத்தக்கூடாது. விளங்கப்படுத்துவது டொக்டரின் வேலை, அதுவும் பிறகு கிளினிக்கில். அறுபது படிவங்களில் ஒரு தடவைகூட ஸல்ஹா அந்த விதியை மீறவில்லை.

ஆனால் அவளுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒரே ஒருவருடைய பதில். அவளுடைய உம்மா உம்மு குல்சும். வளர்ந்தவர்களின் தாய்மாரையும் சேர்க்கலாம் என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் உம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

"எண்ட வலப்பக்கத்துலதான் எப்பவும் இருப்பா, றெக்சன்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "முப்பத்து நாலு வருசமா இந்தப் பக்கத்த அவ நேராப் பார்த்ததில்ல. என்னத்த மனசுல வெச்சிரிக்காவோ, அதக் கேட்டு இறக்கி வெச்சிரணும். எனக்கு அது போதும்."

மத்தியானத்தில் அவள் கொண்டுவரும் சோற்றில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. மீன் துண்டுகள் அளந்து வெட்டினதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டு சுஹைரா வெட்டிக் கொடுப்பது. மரக்கறி, வெங்காயம் எல்லாம் உம்மா வெட்டுவார், மீனை மட்டும் தொடமாட்டார். கிண்ணியாவிலேயே மீன் வெட்டத் தெரியாத ஒரே பொம்புளை என்று ஸல்ஹா அவரைக் கேலி செய்வாளாம்.

போன பங்குனியில் றுமானா என்ற இளந்தாய் ஸல்ஹாவின் வீட்டுக்கே வந்தாள். தன் வீட்டில் மாமியாரின் காது கதவோரத்தில் இருக்கும் என்பதால் அங்கே கதைக்க விருப்பமில்லை. மடியில் மூன்று மாதப் பிள்ளை. அடுத்த கிழமை தைப்பதற்குத் திகதி கொடுத்திருந்தார்கள், அவள் போவதாக இல்லை.

"கிரகணத்துல நான் சீலை வெட்டினன். அதுக்கு அல்லாஹ் தந்தது இது," என்றாள். "அத இன்னொருத்தர் தைக்கலாமா?"

ஸல்ஹா எழுதினாள், திருத்தவில்லை. றுமானா போன கையோடு டொக்டருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள், டொக்டர் அன்றைக்கே றுமானாவை வரச்சொல்லி நெடுநேரம் கதைத்தார். அந்தப் பிள்ளைக்குப் பிறகு தைத்தாயிற்று, நன்றாக இருக்கிறது.

ஆனால் அன்று தொலைபேசியை வைத்துவிட்டு ஸல்ஹா திரும்பியபோது, கதவுச் சீலைக்குப் பக்கத்தில் உம்மா நின்றிருக்கிறார். றுமானாவுக்கு ஊற்றிய தேநீர் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

"அந்தப் புள்ளைக்கு நீ ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"சொல்லக்கூடாது உம்மா. எழுத மட்டும்தான் ஏலும்."

உம்மா வந்து றுமானா இருந்த கதிரையில் இருந்தார். "அப்ப என்னையும் எழுது."

அறுபத்தோராவது படிவம் அது. இருபத்தொரு கேள்விகளுக்கும் மளமளவென்று பதில் சொன்னாராம். இருபத்திரண்டாவதற்கு வந்ததும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"நோன்புக்குப் பதினஞ்சு நாள் முந்தி, பறாத்து அண்டைக்கு, மஃரிப் தொழுகையோட ஒங்கட வாப்பா ஒரு பாரை மீன் கொண்டு வந்தார். விருந்தாளிகள் இரிக்காங்க. நான் தலையை வெட்டுறன், வேலிக்கு அங்கால இருந்து சத்தம் போடுறாங்க, நிலாவக் கிரகணம் பிடிக்குது, கத்திய வைங்க எண்டு. பார்த்தா பாதி நிலா இல்ல. மீன்ட வாய் ரெண்டாக் கிடக்கு. நான்தான் மகள் ஒனக்கு அதைச் செஞ்சது."

ஸல்ஹா பேனையை வைத்துவிட்டாள்.

"உம்மா, நான் எப்பப் பொறந்தன்?"

"நோன்புப் பெருநாள் முடிஞ்சு நாலாம் நாள்."

"பறாத்துக்கும் பெருநாளுக்கும் நடுவுல எவ்வளவு?"

"ஒண்டரை மாசம்."

"வயித்துல உதடு பொருந்துறது ஏழாவது கிழமைக்குள்ள. பொருந்தாட்டி அப்பவே பொருந்தாது. நீங்க கத்தி எடுக்கக்குள்ள நான் ஏழரை மாசம், உம்மா. எண்ட உதடு அதுக்கு எவ்வளவோ முந்தியே இப்படித்தான் இருந்தது. கிரகணம் உதட்டைப் பிளக்காது. அது வேற கதை. ஒங்கட கதையில நாளே பொருந்தல்ல."

உம்மா விரலை மடித்து எண்ணினாராம். எண்ணி முடித்துத் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினாராம்.

"அப்ப ஆர் செஞ்சது?"

"ஒருத்தரும் செய்யல்ல."

வெளியே ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்து படிவத்தைப் புரட்டியது. பிறகு உம்மா எழும்பி, கதிரையைத் தூக்கிவந்து மகளின் இடப்பக்கத்தில் போட்டு இருந்தார்.

எனக்கு வந்த அறுபத்தோராவது படிவத்தில் குறுக்கே ஒரு கோடு. அடியில் அவளுடைய எழுத்து: 'கேட்டவர் பதிலைத் திருத்திவிட்டார். சேர்க்க வேண்டாம்.' நான் சேர்க்கவில்லை, எறியவும் இல்லை. என் மேசை லாச்சியில் இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அவள் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள். துண்டுகள் ஒன்று கைவிரலளவு, ஒன்று உள்ளங்கையளவு. ஓரங்கள் பிய்ந்திருந்தன, செதிலும் சரியாகப் போகவில்லை. நான் அவளைப் பார்த்தேன்.

"உம்மா வெட்டினவ," என்றாள்.

தலைத் துண்டை எனக்கு வைத்தாள். செதிலை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, எலும்பு மட்டும் மிஞ்சும்வரை சாப்பிட்டேன்.