இருக்கார், இருந்தார்

"இதோ வந்துட்டேன்" என்று நான் போனில் சொன்னால் என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். "எங்க வந்துட்டீங்க? கடை ஷட்டரையே இன்னும் இறக்கலை. வரப்போறேன்னு சொல்லுங்க" என்பாள். ஊரே அப்படித்தான் பேசுகிறது, இது ஒரு பேச்சு வழக்கு என்று எத்தனையோ முறை வாதாடிப் பார்த்துவிட்டேன். கேட்கிற ஜென்மம் இல்லை. குழம்பில் உப்பு தப்பினால்கூட என்னை மன்னித்துவிடுவாள், பேச்சில் காலம் தப்பக்கூடாது.

காரணம் அவள் பார்க்கிற வேலை. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளை உறுப்பு தானப் பிரிவுக்கு மாற்றினார்கள். மூளைச்சாவு ஆனவரின் வீட்டாரோடு உட்கார்ந்து, விஷயத்தைப் புரியவைத்து, தானம் செய்ய விருப்பமா என்று கேட்க வேண்டும். கரப்பான்பூச்சியைக் கண்டால் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறவளிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தார்களே என்று எனக்கு அப்போது கோபம். ஆரம்பத்தில் ஒருவர் அவளைக் கழுகு என்று திட்டி, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தார். வீட்டுக்கு வந்து விசும்பி விசும்பி அழுதாள். அழுது முடித்துவிட்டு என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அந்த நாளில் பத்துக் குடும்பத்தில் கேட்டால் ஒரு குடும்பம் சம்மதிப்பதே பெரிய விஷயம். இப்போது பாதிக்கு மேல் சரி என்கிறார்கள். சில வீட்டில் இவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்களாகக் கேட்டுவிடுகிறார்கள். அப்போது படுக்கையில் கிடந்தவர்கள் பெரும்பாலும் வண்டியில் அடிபட்ட இளவட்டங்கள்; இப்போது தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்த வயசாளிகள்தான் அதிகம். கொடுப்பவர்கள் கூடிவிட்டார்களே, அப்புறம் என்ன கவலை என்று ஒருநாள் கேட்டேன். "சர்க்கரையும் பிரஷரும் சும்மா இருக்கா? காத்திருக்கிறவங்க கூட்டம் அதைவிட வேகமா ஏறுது" என்றாள்.

முன்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி தனி வரிசை. இப்போது நாடு முழுக்க ஒரே வரிசை. எந்த உறுப்பு யாருக்குப் போகிறது என்பது கேட்கிற இவளுக்கே தெரியாது. இது என் சித்தப்பா மகன் மண்டையில் ஏறவில்லை. ஒரு கல்யாண வீட்டில் இவளை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணி, எங்க முதலாளிக்கு ஒரு கிட்னி, நல்லதா பார்த்து எடுத்து வைங்க" என்றான், என்னவோ கத்தரிக்காய் சொல்லிவைக்கிற மாதிரி. "அதுக்கென்ன தம்பி, வரிசையில கடைசியா நிக்க இடம் இருக்கு, வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இவள் பாட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். மூளைச்சாவு என்றால் ஆள் போயாயிற்று. ஆனால் மெஷின் ஓடுவதால் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சுடும். பார்க்கிறவர்களுக்குத் தூங்குகிற மாதிரிதான் தெரியும். அந்த நேரத்தில் வார்டில் யாராவது வாய் தவறி, "காய்ச்சல் இருக்கு, மாத்திரை குடுத்திருக்கு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டால் போச்சு. வீட்டார் மனசு அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கும். அதனால் டாக்டரில் ஆரம்பித்துத் தரை துடைப்பவர்வரை எல்லாரையும் பழக்கியிருந்தாள். அந்தப் படுக்கை முன்னால் நின்றால் "இருக்கார்" கிடையாது, "இருந்தார்" மட்டும்தான். நர்ஸுகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் இலக்கணக்காரி. தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவளே ஒருநாள் வாய் தவறினாள்.

கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்த ஒருவர். கூட இருந்தது அவருடைய அக்கா மட்டும்தான். இஸ்திரிக் கடை வைத்து, அந்தத் தம்பியைத் தன் கையால் வளர்த்து ஆளாக்கியவர். பெயர் கேட்காதீர்கள், கட்டின புருஷனிடம்கூட இவள் சொல்ல மாட்டாள். டாக்டர்கள் சோதனைகளை முடித்துச் சொல்லிவிட்டார்கள். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினாள். அந்த அக்கா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரி, குடுத்துடலாம்" என்றார். எழுந்திருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அறுக்கும்போது அவனுக்கு வலிக்குமாம்மா?"

"வலிக்காதுக்கா" என்றாள் இவள். ஆறுதலாக, யாராக இருந்தாலும் சொல்வதைப்போல.

அந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார். "வலிக்காதுன்னா? மயக்க மருந்து குடுப்பீங்களா? அப்போ என் தம்பி இருக்கான்ல?" அவ்வளவுதான். தானம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையருகே போய்த் தம்பி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் என் மூக்குக்கண்ணாடிக் கடை. மத்தியானம் சாப்பிட அங்கேதான் வருவாள். வந்தவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கோ பசி, பசித்தால் கோபம் வரும். "நல்ல மனசோடதானே சொன்ன? வேணாம்னா விடேன். வேற வீடு இல்லாமலா போச்சு?" என்று கத்திவிட்டேன்.

"வேணாம்னு சொல்றது அவங்க இஷ்டம்ங்க. அதுக்கு நான் வருத்தப்படலை. ஆனா அவன் கண்ணு முழிப்பான்னு உக்காந்திருக்காங்க. அந்த ஆசையைக் குடுத்தது நான்" என்றாள். சாப்பிடாமலே கிளம்பிப் போனாள். போகிற முதுகைப் பார்த்ததும் எனக்கு ஏன்டா கத்தினோம் என்று ஆகிவிட்டது. எனக்கும் சோறு இறங்கவில்லை.

மற்றதெல்லாம் சாயங்காலம் அவள் சொல்லிக் கேட்டது. நேரே அந்த அக்காவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாளாம். "நான் தப்பா சொல்லிட்டேன்க்கா. வலிக்காதுன்னு சொல்லியிருக்கக் கூடாது. வலிக்கிறதுக்கு உங்க தம்பி இல்ல. போயிட்டார்."

"நெஞ்சு ஏறி இறங்குதேம்மா."

"அது மெஷின். நீங்களே பார்க்கிறீங்களா?"

டாக்டரைக் கேட்டு, மூச்சு சோதனையை அந்த அக்காவின் கண் முன்னால் மறுபடி செய்யவைத்தாள். குழாயில் ஆக்சிஜனை மட்டும் விட்டுவிட்டு மெஷினைக் கழற்றுவார்கள். ஆள் தானாக மூச்சு இழுக்கிறாரா என்று பார்ப்பார்கள். அந்த அக்கா தம்பி நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். நெஞ்சு அசையவில்லை. வெகுநேரம் பார்த்தார்கள். அசையவே இல்லை. மெஷினைத் திரும்ப மாட்டினார்கள்.

அவர் அழவில்லையாம். தம்பி தலைமுடியை ஒதுக்கிவிட்டு, சலித்துக்கொள்கிற குரலில் ஆரம்பித்தார். "சரியான தூங்குமூஞ்சி இவன். வேலைக்கு நேரமாச்சுன்னு நான் கத்திக்கிட்டே இருப்பேன். போர்வையை இழுத்துப் போட்டாலும் அசைய மாட்டான். எவ்வளவு எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டான்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

"எந்திரிக்க மாட்டான்" என்றார் இன்னொரு தடவை, மெதுவாக.

இரண்டும் ஒரே சொல்தான். முதல் தடவை அது எத்தனையோ காலைகளைப் பற்றிய புகார். இரண்டாம் தடவை அப்படி இல்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கையெழுத்து எங்க போடணும்மா?" என்று அவரே கேட்டாராம்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, மத்தியான டப்பாவைத் திறந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள்.

மறுநாள் விடிந்து வெகுநேரமாகியும் அவள் எழவில்லை. போய் எழுப்பினேன். அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அதற்கும் பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன இப்போ? வீடு இடிஞ்சு விழுந்துடுச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே எரிந்து விழுந்தாள். "எழுப்ப வந்தவர் ஒரு டீயோட வரக்கூடாதா?"

நான் சமையலறைக்கு ஓடி, பாத்திரத்தைத் தேடிக்கொண்டே, "இதோ கொண்டு வந்துட்டேன்" என்றேன். அடுப்பை இன்னும் பற்றவைக்கவே இல்லை.

"பொய்" என்றாள் உள்ளேயிருந்து.